மருத்துவ ஆராய்ச்சிக்குச் செலவாகும் பணம் நம் வீட்டுக்கு எப்படித் திரும்பி வருகிறது?



நம் அறக்கட்டளைக்கு உதவி கேட்டு வரும் மனுக்களைப் படித்துப் பார்க்கும்போது ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. பள்ளிக் கட்டணம் என்று தொடங்கும் மனுவும், வாடகை பாக்கி என்று தொடங்கும் மனுவும், நகை அடகில் இருக்கிறது என்று தொடங்கும் மனுவும் நாலு வரி தாண்டுவதற்குள் ஒரு நோயில் வந்து நிற்கின்றன. அத்தாவுக்கு உடம்பு முடியாமல் போனது, வேலைக்குப் போகவில்லை, அதனால் கடன். வறுமை பல வாசல் வழியாக வரும்தான். நம் பகுதியில் அது அதிகம் வரும் வாசல் நோய்தான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது எங்களில் ஒருவர் கேட்டார்: "அரசாங்கம் ஆஸ்பத்திரி கட்டட்டும், மருந்து கொடுக்கட்டும், அது சரிங்க. ஆராய்ச்சிக்கு எதுக்குங்க இத்தனை கோடி?" நியாயமான கேள்விதான். 2025-26 மத்திய பட்ஜெட்டில் சுகாதார அமைச்சகத்துக்கு ஒதுக்கப்பட்டது ஏறத்தாழ 99,800 கோடி ரூபாய். அதில் மருத்துவ ஆராய்ச்சித் துறைக்குப் போனது சுமார் 3,900 கோடி. ரூபாய்க்கு நாலு பைசா. இந்த நாலு பைசா எங்கே போகிறது, சூரமங்கலத்தில் வெள்ளிப் பட்டறையிலும் தறியிலும் லாரியிலும் பிழைக்கிற குடும்பத்துக்கு அதனால் என்ன கிடைக்கிறது என்பதை, நம் மாநிலத்திலேயே நடந்த ஒன்றை வைத்துச் சொல்லலாம் என்று நினைத்தோம்.

பெருந்துறைப் பக்கம் போனவர்களுக்கு 'சானடோரியம்' என்ற பெயர் தெரிந்திருக்கும். சென்னையில் 'தாம்பரம் சானடோரியம்' என்று ஒரு ரயில் நிலையமே இருக்கிறது. இரண்டு பெயரும் காசநோய் ஆஸ்பத்திரிகளால் வந்தவை. நம் பாட்டன் காலத்தில் டி.பி. வந்தவரை ஊருக்கு வெளியே, நல்ல காற்றும் மரங்களும் உள்ள இடத்தில் கட்டிலில் படுக்க வைத்து, முட்டையும் பாலும் கொடுத்து மாதக்கணக்கில் வைத்திருப்பதுதான் வைத்தியம். 1940-களின் பிற்பகுதியிலும் 50-களின் தொடக்கத்திலும் நல்ல மருந்துகள் வந்த பிறகும், ஆஸ்பத்திரியில் சேர்க்காமல் இந்த நோயைக் குணப்படுத்த முடியாது என்றே பெரும்பாலான மருத்துவர்கள் நம்பினார்கள். வீட்டில் வைத்தால் குடும்பத்துக்கே தொற்றும் என்ற பயம் வேறு.

இந்தியாவிலோ நோயாளிகள் லட்சக்கணக்கில், கட்டில்கள் ஆயிரக்கணக்கில். எல்லோருக்கும் கட்டில் போட எந்த மாநிலத்தின் கஜானாவும் போதாது. ஆகவே பெரும்பாலானவர்கள் வைத்தியமே இல்லாமல் இருமி இருமிச் செத்தார்கள்.

இந்த நிலையில்தான் 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் 'காசநோய் மருந்துச் சிகிச்சை மையம்' தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நாலு பேரும் சேர்ந்து பணமும் ஆளும் கொடுத்தார்கள். ஐந்தாண்டுத் திட்டமாகத்தான் தொடங்கினார்கள். பிரிட்டனிலிருந்து வந்த டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதை வழிநடத்தினார். அவரோடு வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் நம் நாட்டு மருத்துவர்கள், செவிலியர்கள், புள்ளிவிவர நிபுணர்கள்.

அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது. ஒரே மாதிரி நோயாளிகளை, அதிர்ஷ்டச் சீட்டுக் குலுக்குவது போல, இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்குப் போனது. மறு பாதி வீட்டிலேயே இருந்து வாரம் ஒரு தடவை மையத்துக்கு வந்து மருந்து வாங்கிப் போனது. இரு பக்கத்துக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம். வீட்டில் இருந்தவர்கள் சென்னையின் நெருக்கடியான குடிசைப் பகுதிகளில், சின்ன அறையில் ஐந்தாறு பேரோடு வாழ்ந்தவர்கள். சானடோரியத்தில் இருந்தவர்களை விடக் குறைவாகவே சாப்பிட்டார்கள், அதிகமாக நடமாடினார்கள். நர்ஸ் அம்மாக்கள் முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்கே போய் மாத்திரையை எண்ணிப் பார்த்தார்கள்.

முடிவு 1959-இல் வெளியானது. ஒரு வருட முடிவில் சானடோரியத்தில் 100-க்கு 92 பேருக்கும் வீட்டில் 100-க்கு 86 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தபோது அந்தச் சிறு வித்தியாசமும் மறைந்துபோனது. அதைவிட முக்கியமான செய்தி குடும்பத்தாரைப் பற்றியது. வீட்டில் வைத்து வைத்தியம் பார்த்தவரின் மனைவி மக்களுக்கு, சானடோரியத்துக்குப் போனவரின் மனைவி மக்களை விட அதிகமாக நோய் வரவில்லை. தொற்று பரவுவது பெரும்பாலும் மருந்து தொடங்குவதற்கு முன்னால். மருந்தைத் தொடங்கி ஒழுங்காகச் சாப்பிடுகிறவரால் வரும் ஆபத்து சீக்கிரமே குறைந்துவிடுகிறது.

இதைப் படிக்கும் தாய்மார்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறோம். அறுபது வருடத்துக்கு மேலாகத் தெரிந்த உண்மை இது. இன்னும் நம் வீடுகளில் டி.பி. வந்தவருக்குத் தட்டையும் தம்ளரையும் ஒதுக்கி வைக்கிறோம். இந்த நோய் காற்றில் பரவுவது, பாத்திரத்தில் பரவுவதில்லை. ஒதுக்கி வைத்ததால் நோய் பரவாமல் நின்றது கிடையாது, அவருடைய மனம்தான் உடைகிறது.

இப்போது பணக் கணக்குக்கு வருவோம். சானடோரியத்தில் ஒரு வருடம் படுத்திருக்கும் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். இன்றைய கூலியில், நாளுக்கு 600 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 300 நாள் வேலை என்றால் 1,80,000 ரூபாய் வருமானம் போய்விட்டது. மருந்துக்கு ஒரு பைசா வாங்காவிட்டாலும் அந்தக் குடும்பம் முழுகிவிடும். வீட்டில் இருந்தபடி மருந்து சாப்பிட்டு, உடம்பு தேறியதும் வேலைக்குப் போகலாம் என்றால் அந்தத் தொகையில் பெரும் பகுதி குடும்பத்திலேயே நிற்கிறது. இது ஒரு குடும்பத்தின் கணக்கு. அரசாங்கத்தின் பக்கம், கட்ட வேண்டிய கட்டடம், போட வேண்டிய கட்டில், வைக்க வேண்டிய சமையல்காரர், காவலாளி எல்லாம் மிச்சம். அந்தப் பணத்தை வைத்து எத்தனையோ மடங்கு அதிகம் பேருக்கு மருந்து கொடுக்கலாம். 1962-இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை நம்பியே வகுக்கப்பட்டது. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்குச் சேத்துப்பட்டு முடிவு ஒரு முக்கியக் காரணம். மருத்துவ உலகில் அதை 'மெட்ராஸ் ஆய்வு' என்றே சொல்கிறார்கள்.

ஆராய்ச்சி அதோடு முடியவில்லை, ஏனென்றால் மனித சுபாவம் குறுக்கே வந்தது. இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறோம் அல்லவா, அன்றைக்கும் அதே கதைதான். ஆகவே அதே மையம், வாரம் இரண்டே தடவை, நர்ஸ் கண்ணெதிரில் மருந்து கொடுத்தால் போதுமா என்று 1960-களில் சோதித்துப் பார்த்தது. போதும் என்று தெரிந்தது. பிற்காலத்தில் 'டாட்ஸ்' என்ற பெயரில் உலகெங்கும் போன நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு வேர் அங்கே இருக்கிறது. ஒரு வருடம், ஒன்றரை வருடம் என்று இருந்த சிகிச்சை ஆறு மாதமாகச் சுருங்கியதிலும் சென்னை ஆய்வுகளுக்குப் பங்கு உண்டு. ஐந்து வருடத்துக்கென்று தொடங்கிய அந்த மையம் இன்று 'தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்' என்ற பெயரில் அதே சேத்துப்பட்டில் நடக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை அறிவியலாளராக இருந்த டாக்டர் சௌம்யா சுவாமிநாதன் அங்கே பல வருடம் வேலை பார்த்தவர்தான்.

அந்த நிறுவனம் செய்த இன்னொரு ஆய்வைத்தான் நம்மைப் போன்ற அறக்கட்டளைகள் எல்லாம் படித்திருக்க வேண்டும். 1999-இல் வெளிவந்தது. நோயாளிகளையும் அவர்கள் குடும்பங்களையும் உட்கார வைத்து, இந்த நோயால் உங்களுக்கு ஆன செலவு என்ன என்று கேட்டார்கள். சராசரியாக மொத்தம் 5,986 ரூபாய், அன்றைய விலைவாசியில். அதில் டாக்டர், மருந்து, பஸ் என்று கையிலிருந்து போனது 2,052 ரூபாய். மீதி 3,934 ரூபாய் போன கூலி முதலான மறைமுக இழப்பு. அதாவது நோயின் செலவில் மூன்றில் இரண்டு பங்கு எந்த ஆஸ்பத்திரி பில்லிலும் வராத செலவு. வேலைக்குப் போகாத நாட்கள் சராசரியாக 83. மேலே சொன்ன 600 ரூபாய்க் கூலியில் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 50,000 ரூபாய்.

இந்த எண்களை விட எங்களை நிறுத்தியது வேறு இரண்டு எண்கள். அந்த வீடுகளில் பள்ளிக்குப் போன பிள்ளைகளில் 100-க்கு 11 பேர் படிப்பை நிறுத்தினார்கள். இன்னும் 8 பேர் குடும்பத்தைத் தாங்க வேலைக்குப் போனார்கள். நோய் ஆறு மாதத்தில் குணமாகிவிடும். எட்டாம் வகுப்பில் நின்ற பையன் பட்டறையில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். அவன் படித்திருந்தால் அடுத்த முப்பது நாற்பது வருடம் சம்பாதிக்கக்கூடியது அவனுக்கும் இழப்பு, இந்த மாநிலத்துக்கும் இழப்பு. அந்த இழப்பு எந்தப் பட்ஜெட் கணக்கிலும் எழுதப்படுவதில்லை.

இரண்டாவது எண், பெண்களைப் பற்றியது. நோய் வந்த பெண்களில் 100-க்கு 15 பேரைக் குடும்பமே ஒதுக்கியது. இது மற்றவர் வீட்டுக் கதை என்று நாம் சொல்லிவிட முடியாது. "வெளியே தெரிஞ்சா பொண்ணுக்கு மாப்பிள்ளை வராது, பேரை எழுதாதீங்க" என்று எங்களிடமே சொல்லியிருக்கிறார்கள். அப்படி மறைத்து மறைத்து, தனியார் மருத்துவரிடம் இருமல் டானிக் வாங்கிக் குடித்துக் காலம் கடத்திய பிறகு, நகையும் போய் உடம்பும் போய் அரசு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். மருந்தை இலவசமாக்கியாயிற்று, சோதனையை இலவசமாக்கியாயிற்று. வெட்கத்துக்கு மாத்திரை கிடையாது. நாம்தான் அதைப் போக்க வேண்டும்.

நாடு முழுவதற்கும் கணக்குப் போட்டுப் பார்த்தவர்களும் உண்டு. 1997 முதல் 2006 வரை டாட்ஸ் முறையில் இந்தியா நடத்திய காசநோய்த் திட்டத்தை எடுத்துக்கொண்டு 2011-இல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு, அந்தப் பத்து வருடத்தில் 13 லட்சம் மரணங்கள் தடுக்கப்பட்டன என்றும், செலவழித்த ஒவ்வொரு டாலருக்கும் 115 டாலர் அளவுக்குப் பலன் கிடைத்தது என்றும் மதிப்பிட்டது. இது கையில் எண்ணிப் பார்க்கக்கூடிய பணம் இல்லை. உயிரோடும் ஆரோக்கியத்தோடும் இருந்த வருடங்களுக்கு ஒரு மதிப்புப் போட்டு வந்த கணக்கு. ஆகவே 115 என்ற எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். அதில் பாதியாகவே இருந்தாலும் அதைப் போல லாபம் தரும் வியாபாரம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கே இருக்கிறது?

அமெரிக்காவில் இந்தக் கணக்கை வேறு மாதிரி போடுகிறார்கள். அங்கே தேசிய சுகாதார நிறுவனங்கள் பல்கலைக்கழகங்களுக்குக் கொடுக்கும் ஆராய்ச்சிப் பணத்தில் ஒவ்வொரு டாலருக்கும் இரண்டரை டாலர் அளவுக்கு அந்தந்த மாநிலத்தில் வியாபாரமும் வேலைவாய்ப்பும் பெருகுகின்றன என்று மாநிலவாரியாகப் பட்டியல் போட்டுக் காட்டுகிறார்கள். 2025-இல் அந்த நிதியை வெட்டப் போகிறார்கள் என்றதும் பெரிய வாதம் எழுந்தது. சம்பளம், ஆய்வுக்கூடம், கட்டட வேலை என்று பார்த்தால் அதுவும் உண்மைதான். ஆனால் நம் மாநிலத்தில் சேத்துப்பட்டு நிறுவனத்தால் சென்னையில் எத்தனை பேருக்குச் சம்பளம் கிடைத்தது என்பது சின்னக் கணக்கு. அங்கே கிடைத்த விடையால் சேலத்திலும் நாமக்கல்லிலும் எத்தனை பேர் வேலையை இழக்காமல் இருந்தார்கள் என்பதே பெரிய கணக்கு.

ஆராய்ச்சி எல்லாம் நல்ல செய்தியையே கொண்டுவரும் என்பதும் இல்லை. 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசியைப் பற்றி இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களிடம் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். எழு வருடத்துக்கு மேல் காத்திருந்து கிடைத்த விடை ஏமாற்றம்தான்: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. பணம் வீணா? நாங்கள் அப்படி நினைக்கவில்லை. பயன்படாத ஒன்றைக் கோடிக்கணக்கான பெரியவர்களுக்குப் போட்டுக்கொண்டே இருந்திருந்தால் ஆகியிருக்கும் செலவை நினைத்துப் பாருங்கள். குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான வகைகளை அந்த ஊசி தடுக்கிறது என்பதால்தான் பிறந்ததும் போடுகிறார்கள். அதை யாரும் தவறவிட வேண்டாம்.

அண்மையில் வந்த ஓர் ஆய்வு நம் பைத்துல்மால் வேலைக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்ட் மாநிலத்தில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியில், டாக்டர் அனுராக் பார்கவா குழுவினர் 2,800 காசநோயாளிகளையும் அவர்கள் வீட்டில் இருந்த 10,345 பேரையும் எடுத்துக்கொண்டார்கள். நோயாளிகள் அனைவருக்கும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். வீட்டாரில் மட்டும் ஒரு பகுதியினருக்கு மாதம் ஆளுக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை. அவ்வளவுதான். அப்படிக் கொடுத்த வீடுகளில் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. தொற்றும் வகை நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை கூடிய நோயாளிகளிடம் மரணமும் கணிசமாகக் குறைந்தது.

ரமலானில் நாம் கொடுக்கும் அரிசி மூட்டை பசியை ஆற்றும் என்று தெரியும். அது ஒரு நோயைத் தடுக்கும் என்பதையும், எவ்வளவு தடுக்கும் என்பதையும் எண்ணிச் சொல்ல ஓர் ஆராய்ச்சி தேவைப்பட்டது. அந்த எண் கையில் இருந்ததால் அரசாங்கமும் அசைந்தது. நோயாளிக்குச் சத்துணவுக்காக வங்கிக் கணக்கில் போடும் மாதம் 500 ரூபாய், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயானது. 'நிக்ஷய் மித்ரா' திட்டத்தில் தனியாரும் அமைப்புகளும் தரும் உணவுப் பெட்டி நோயாளிக்கு மட்டும் என்றிருந்தது, வீட்டாருக்கும் கொடுக்கலாம் என்று விரிந்தது.

நம் மாநிலத்தில் 2022-இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' இதே வழியில் வந்தது. சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தோடு சேர்ந்து வகுத்தது. நோய் என்று தெரிந்தவுடன் எடை மிகக் குறைவா, கால் வீக்கம் உண்டா, மூச்சு வேகமா, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்து, ஆபத்தில் இருப்பவரை மட்டும் உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். பெரும்பாலோருக்குக் கட்டில் வேண்டாம் என்று 1959-இல் சொன்ன ஆராய்ச்சி, யாருக்குக் கட்டில் கட்டாயம் வேண்டும் என்று இப்போது சொல்கிறது.

இனி நம் ஊர் விஷயம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், எடை குறைவு, சளியில் ரத்தம், இவற்றில் ஏதாவது இருந்தால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ சளிப் பரிசோதனை இலவசம், மருந்தும் இலவசம். லாரி ஓட்டும் சகோதரர்கள், ஊர் ஊராகப் போகிறோம், மருந்தை எங்கே வாங்குவது என்று கேட்கிறார்கள். பதிவு எண் ஒன்றுதான், வேறு ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம், தொடங்கிய இடத்தில் சொன்னால் செய்து தருவார்கள். நோன்பு மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. நோன்பு வைக்க விரும்புகிறவர்கள் ஸஹர் நேரமா, இஃப்தாருக்குப் பிறகா என்பதை மருத்துவரிடம் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

நோயாளி உள்ள வீட்டுக்கு ஆறு மாதம் அரிசியும் பருப்பும் கொடுக்க முன்வருகிறவர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். உதவி பெறுகிறவரின் பெயர் கொடுப்பவருக்கோ ஜமாஅத்தில் மற்றவருக்கோ தெரியாது. அந்த வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால், மனுவில் எந்த வகுப்பு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.